தெத்துப்பல் அக்காவின் எதிரில்

மார்ச் 3, ஞாயிறு

சுண்டு இன்றைக்கு ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தாள். மியூசியத்து மாடியில், வெளிநாட்டுப் படங்கள் மாட்டிய கூடத்தில், ஒருத்தர்கூடப் பல்லைக் காட்டவில்லை. ராஜா, ராணி, கழுத்தில் விசிறி மாதிரி மடிப்புத் துணி கட்டிய வியாபாரிகள், எல்லோரும் உதட்டைத் தைத்து வைத்த மாதிரி நிற்கிறார்கள்.

"ஏம்மா யாருமே சிரிக்கல?"

"சிரிச்சா குட்டு வெளிப்பட்டுடும்டி. அந்தக் காலத்துல பாதிப் பேருக்கு வாய்ல பல்லே இருந்திருக்காது."

பல் செட் கட்டியே வயிறு கழுவுகிறவள் சொல்கிறேன், மறுத்துப் பேச ஆளில்லை. "உன்கிட்ட வந்திருந்தா நீ கட்டிக் குடுத்திருப்பல்ல?" என்று கேட்டாள். ராஜாவுக்கு மட்டும் கடைவாய்ப் பல் ஒன்றைக் குறைத்து வைப்பேன், வரி போட்டதற்குத் தண்டனை என்றேன். அவள் சிரித்த சிரிப்புக்கு மாடிக் காவலர் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

சிரிக்கும்போது அவளுடைய தெத்துப்பல் முதலில் எட்டிப் பார்க்கும். இடப்பக்கம், மேல் வரிசை. கீழே உள்ளூர்க்காரர்கள் வரைந்த படங்களின் கூடத்தில் ஒருத்தி இருக்கிறாள், ஜன்னலில் சாய்ந்து வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறவள். அவளுக்கும் அதே பக்கம், அதே பல். சுண்டு வைத்த பெயர் தெத்துப்பல் அக்கா. எங்கள் ஞாயிற்றுக்கிழமை அவள் முன்னால்தான் தொடங்கும், அவள் முன்னால்தான் முடியும்.

இந்த ஏற்பாடு குடும்பக் கோர்ட் கவுன்சலர் அம்மாவின் மூளை. நாங்கள் பிரிந்த புதிதில் சுண்டுவின் அப்பா பிள்ளையை வாசல் கேட்டில் கொண்டுவந்து விடுவார். நான் தாமதம் என்பேன், அவர் சீக்கிரம் வந்தாயே என்பார், பஸ் ஸ்டாப்பே கூடி வேடிக்கை பார்க்கும். "மியூசியத்துக்கு உள்ள வெச்சுக்கோங்க. அங்க சத்தம் போட முடியாது" என்றார் அந்த அம்மா. கெட்டிக்காரி. பையும் போனும் வாசல் லாக்கரில் போய்விடும். காலையில் அப்பாக்காரர் சுண்டுவை அக்கா முன்னால் விட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார். சாயங்காலம் நான் அதே இடத்தில் விட்டுத் தலையாட்டிவிட்டு வருவேன். இரண்டு பேரும் தலையாட்டி பொம்மைகள். ஆனால் சண்டை இல்லை, அது உண்மை.

கீழ்க்கூடத்துக் காவலர், நீலச் சட்டை அக்கா, இன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டார். "நானும் பாக்கறேன், நீங்க படம் பாக்க வர்ற ஆளே இல்லம்மா. பிள்ளையப் பாக்க வர்ற ஆளு." ஆமாம் என்றேன்.

மார்ச் 6, புதன்

கவுன்சலர் அம்மா நான் பல் செட் கட்டுகிற லேபுக்கே போன் செய்தார். சுண்டுவின் அப்பாவுக்கு வேலை மாற்றல். விமானத்தில் போகிற தூரம். பள்ளி விடுமுறை தொடங்கியதும் கிளம்ப வேண்டுமாம். சுண்டுவுக்குப் பத்து வயது ஆகிவிட்டது, அதனால் யாரோடு இருக்க விருப்பம் என்று அவளையே கேட்பார்களாம், ஏப்ரல் இரண்டாம் தேதி.

பிள்ளையைப் போய்க் கேட்பார்களா? அம்மா வேணுமா அப்பா வேணுமா என்று? கையில் இருந்த மெழுகுப் பல்வரிசை உடைந்தது. யாரோ ஒரு தாத்தாவின் முன்பற்கள் நாலு. மறுபடி முதலில் இருந்து செய்தேன்.

ராத்திரி என் அக்காவுக்குப் போன் செய்து அழுதேன். அவள் அழவிட்டாள், அப்புறம் சொன்னாள்: "இந்த ஒரு மாசம் மட்டும் வாயைக் கட்டு. நுணலும் தன் வாயால கெடும். உனக்குச் சொல்லவே வேணாம்." சொல்லவே வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே இருபது வருஷமாகச் சொல்கிறாள்.

மார்ச் 10, ஞாயிறு

இதை உடனே எழுதிவிட வேண்டும்.

மாடியில் கை உடைந்த சலவைக்கல் அம்மணி சிலைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தோம் (உள்ளே சாப்பிடக் கூடாது, பாக்கெட்டில் ஒளித்துக் கொண்டுபோனது). நான் எதுவும் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. அவளாகவே காதோரம் வந்து சொன்னாள்: "நான் உன்கூட இருக்கேன்னுதான் சொல்லப் போறேன். இப்பவே அப்பாகிட்ட சொல்லிடாத. அழுவாரு."

"அப்பாவா? அவராவது அழறதாவது."

"உனக்குத் தெரியாதும்மா" என்றாள், பெரிய மனுஷி மாதிரி.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எனக்குக் காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டும்தான். சலவைக்கல் அம்மணிக்குக் கை இருந்திருந்தால் கட்டிப் பிடித்திருப்பேன்.

மார்ச் 13, புதன்

சுண்டுவுக்குக் கட்டில் வாங்கியாயிற்று. என் மாடிப்படி குறுகல், கட்டில் ஏற மாட்டேன் என்று அடம் பிடித்தது. கீழே டயர் கடைக்காரர் வந்து, "கட்டில ஏத்தறதா, வீட்ட இறக்கறதா?" என்று கேட்டுவிட்டு அதன் காலைக் கழற்றி ஏற்றிக் கொடுத்தார். ஜன்னல் பக்கமாகப் போட்டிருக்கிறேன். அவளுக்கு ஜன்னல் பிடிக்கும்.

மார்ச் 17, ஞாயிறு

வரவில்லை.

வரவே இல்லை. காலையில் போய் நின்றவள் நான். லாக்கர் கவுண்டரில் ஒரு போர்டு வைத்திருந்தார்கள், கீழ்க்கூடத்தில் வேலை நடக்கிறது, சில படங்கள் இடம் மாற்றப்பட்டுள்ளன என்று. ஜன்னல்ல சிரிக்கிற பொண்ணு படம் எங்கே என்று கேட்டேன். இரண்டாவது மாடி, புதுக் கூடம் என்றார்கள். நேராக ஏறிப் போனேன். அக்கா அங்கே புதுச் சுவரில், புது வெளிச்சத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் நின்றேன். நின்றேன், நின்றேன். அந்தக் கட்டிடத்துக்கு இரண்டு பக்கமும் படிக்கட்டு, நான் ஒரு பக்கம் இறங்கினால் அவர்கள் மறுபக்கம் ஏறி வந்துவிடுவார்களே என்று பாத்ரூம்கூடப் போகவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. கால் விண் விண்ணென்று வலித்தது.

புரிந்துவிட்டது. எனக்கா புரியாது? சுண்டு வாய் தவறி அவரிடம் சொல்லியிருப்பாள், அம்மாவோடு இருக்கப் போகிறேன் என்று. அதான், பிள்ளையை மறைத்துவிட்டார். இன்னும் இரண்டு வாரம் கண்ணில் காட்டாமல் வைத்து மனதைத் திருப்பிவிடலாம் என்று.

இறங்கி வந்து லாக்கரில் இருந்து போனை எடுத்தேன். ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. ஒரு மெசேஜ் இல்லை. வாசல் தூணில் சாய்ந்து நின்று வாய்க்கு வந்ததைப் பேசி அவருக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்பினேன். நீங்க என்று தொடங்கி நீ ஆகி — வேண்டாம், எழுத வேண்டாம்.

எழுதுகிறேன். யாரிடம் மறைக்கிறேன்? "பிள்ளைய வெச்சு விளையாடறியா நீ? அவளையும் உன்ன மாதிரியே ஆக்கிட்டியா, சொன்ன வார்த்தைய காப்பாத்தாத ஜென்மமா? சரி, ரெண்டு பேரும் சந்தோஷமா இருங்க. இனிமே வராதீங்க. எனக்கு யாரும் வேணாம்."

பஸ் ஏறும்வரை நெஞ்சு லேசாக இருந்தது.

மார்ச் 18, திங்கள்

காலையில் அவரிடமிருந்து மெசேஜ். அப்படியே எழுதுகிறேன்: "நாங்கள் பழைய கூடத்தில் இரண்டு மணி தாண்டும்வரை உட்கார்ந்திருந்தோம். நீ வரவில்லை. லாக்கரில் போனை எடுத்ததும் சுண்டு 'அம்மா வாய்ஸ்' என்று பிடுங்கிக்கொண்டாள். அவள்தான் முதலில் கேட்டாள்."

எப்போதும் அவள்தான் முதலில் கேட்பாள். என் குரல் வந்தால் போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொள்வாள். எனக்குத் தெரியும். தெரிந்தும்.

மார்ச் 19, செவ்வாய்

போன் செய்தேன். "பேச மாட்டேங்கிறா. நான் என்ன பண்ணட்டும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 24, ஞாயிறு

சுண்டுவுக்குக் காய்ச்சல், இன்றைக்கு வர முடியாது என்று அவர் முன்னதாகவே சொல்லிவிட்டார். நிஜக் காய்ச்சலா என்று கேட்க எனக்கு வாயில்லை. வீட்டில் அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் மியூசியத்துக்கே போனேன்.

கீழ்க்கூடம் மூடியிருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மூடவில்லை. சுவர்கள்தான் மொட்டை. படம் இருந்த இடங்களில் சதுரம் சதுரமாகச் சுண்ணாம்பு வெளுப்பு, மேலே ஆணிகள். நடுவில் பெஞ்ச். நீலச் சட்டை அக்கா மூலையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தே வந்துவிட்டார்.

"போன வாரம் எங்கம்மா போனீங்க? பாப்பா இந்த வெத்துச் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு."

நான் மாடியில் இருந்ததைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடக் கடவுளே. படம் மாடிக்குப் போயிடுச்சுன்னு நான் சொன்னேன்மா. பாப்பா உடனே எழுந்துச்சு, வாங்கப்பா மேல போய்ப் பாக்கலாம்னு. அவருதான் கையப் பிடிச்சு உக்கார வெச்சாரு. 'அம்மா இங்கதான் வருவாங்க. நாம எழுந்து போயிட்டா, அவங்க வந்து காணோம்னு தவிச்சுப் போயிடுவாங்க. இருக்கற இடத்துலயே இருப்போம்'னாரு. பாப்பா வெளிய போய் பன் வாங்கித் தான்னு கேட்டப்பகூட எழுந்திருக்கல. அம்மா வந்ததும் மூணு பேரும் போய்ச் சாப்பிடலாம்னு சொன்னாரு."

மூன்று பேரும்.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனுஷன் எப்போதும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் ரயில் நிலையத்துக் கூட்டத்தில் ஒருத்தரை ஒருத்தர் தவறவிட்டோம். அவர் என் கை நழுவிய அதே தூணுக்குக் கீழே பெட்டியை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார், நான் ஸ்டேஷன் முழுக்க ஓடித் தேடினேன். கண்டுபிடித்தபோது "ஏன் தேட வரல, கல்லு மாதிரி நிக்கறீங்க?" என்று நான் கத்தினேன். "ரெண்டு பேரும் நடந்தா எப்படிச் சந்திக்கிறது?" என்று அவர் கேட்டார். வீட்டுக்குப் போகும்வரை அதே சண்டை. எங்கள் வாழ்க்கையே அந்தச் சண்டைதான். எனக்கு அந்தப் படம் இருக்கிற இடம்தான் இடம். அவருக்கு முதலில் பேசிவைத்த கூடம்தான் இடம். இரண்டு பேரும் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றத்தான் காத்துக்கிடந்தோம், இரண்டு மாடி வித்தியாசத்தில்.

"நான் எழுந்து வந்து தேடியிருக்கலாம், டியூட்டிய விட்டு நகர முடியாதே" என்று நீலச் சட்டை அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் ஏன் அழ வேண்டும்?

மார்ச் 25, திங்கள்

சுண்டுவுக்கு வாய்ஸ் அனுப்பினேன். அம்மா மாடியில் காத்திருந்தேன், கோபத்தில் பேசிவிட்டேன், மன்னிச்சுக்கோடி தங்கம் என்று. கேட்டுவிட்டாள் என்று போன் காட்டுகிறது. பதில் இல்லை.

மார்ச் 27, புதன்

"சரிம்மா." அவ்வளவுதான் பதில். நாள் முழுக்க அதை வைத்துக்கொண்டு வேலை செய்தேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

கவுன்சலர் அம்மாவின் அறை. வட்ட மேஜை, ஒரு ஜாடியில் கலர் பென்சில். முதலில் சுண்டுவிடம் தனியாகப் பேசினார்கள். அப்புறம் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். சுண்டு என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்துச் சொன்னாள், நான் அப்பாவோட போறேன் என்று.

வாயைக் கட்டு, வாயைக் கட்டு என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். முடியவில்லை. கேட்டுவிட்டேன். "அன்னிக்கு அம்மா சொன்னதாலயா?"

தலையை ஆட்டினாள். இல்லை என்றா ஆமாம் என்றா தெரியவில்லை. "நீ கோவத்துல சொன்னேன்னு எனக்குத் தெரியும்மா. எனக்குக் கோவம் இல்ல."

"பின்ன ஏன்டி?"

"அத கேட்டுட்டு அப்பா அங்கயே, லாக்கர்கிட்டயே, அழுதாரு. எல்லாரும் பாத்தாங்க." கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டினாள். "உனக்கு யாரும் இல்லாமக்கூட இருக்க முடியும். அவரால முடியாதும்மா."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டார். முதுகு மட்டும் குலுங்கியது. உனக்குத் தெரியாதும்மா என்று அன்றைக்கே சொன்னாளே.

என்னாலும் முடியாதுடி. என்னாலும் முடியாது. நான் வாயால் மட்டும்தான் எல்லாம் முடியும் என்பேன். அதை அங்கே சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பிள்ளை இரண்டாகக் கிழிந்துபோகும். "சரிடா கண்ணு" என்றேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைக் கட்டியது இன்றைக்குத்தான். நேரம் பார்த்துக் கட்டினேன், போ.

ஏப்ரல் 3, புதன்

டயர் கடைக்காரர் கேட்டார், "பாப்பா எப்ப வருதும்மா?" படியேறி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 27, சனி

லேப் முதலாளியிடம் கேட்டு, சுண்டுவை அழைத்து வந்து பல்லுக்கு அச்சு எடுத்தேன். எதற்கு என்று அவள் கேட்டாள். சும்மா, அம்மாவுக்கு வேணும் என்றேன். ரோஸ் வாசனைப் பசையைப் போட்டேன். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு "ஆ ஆ" என்று ஏதோ கதை சொல்ல முயன்றாள், எச்சில் என் மணிக்கட்டில் வழிந்தது. பேசாதடி, அச்சு கோணிக்கும் என்று அதட்டினேன். பிளாஸ்டர் காய்ந்து வந்தபோது தெத்துப்பல் அச்சு அசலாக விழுந்திருந்தது. கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு

கடைசி ஞாயிறு. மாடியில், அக்கா முன்னால்.

சாயங்காலம் அவர் வந்தார். தலையாட்டவில்லை. "நான் பிள்ளையோட மேல வந்து ஒரு தடவை பாத்திருக்கணும்" என்றார் மெதுவாக.

"நான் கீழ வந்து பாத்திருக்கணும். மன்னிச்சுக்கோங்க. நான் பேசினது தப்பு."

அவ்வளவுதான் பேசினோம். பத்து வருஷக் குடித்தனத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தப்பை ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. இதை முன்பே செய்திருந்தால் என்று நினைத்தேன். அவரும் நினைத்திருப்பார். சுண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

போகும்போது ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை போன் பண்றேன். நீ அக்கா முன்னாடி நிக்கற மாதிரி நினைச்சுக்கிட்டுப் பேசு" என்றாள். பிறகு படிக்கட்டில் இறங்கிப் போனார்கள். எந்தப் பக்கத்துப் படி என்று பார்த்துக்கொண்டேன். இப்போது தெரிந்து என்ன பயன்?

பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரி ஒன்றும் கேட்காமல் ஜன்னல் சீட்டைக் கொடுத்தாள்.

ஜூன் 9, ஞாயிறு

போன். புதுப் பள்ளி பிடித்திருக்கிறதாம். தோழி ஒருத்தி கிடைத்துவிட்டாளாம். அவர் வாங்கிப் பேசினார்: "பல் டாக்டர் கிளிப் போடச் சொல்றாங்க. உனக்குத்தான் இது தெரியும். போடவா, வேணாமா?"

வேண்டாம், தொடாதீர்கள், அந்தத் தெத்துப்பல் என்னுடையது — தொண்டைவரை வந்தது. கடைவாய்ப் பல் எப்படி நெருக்குகிறது என்று எனக்கு அச்சிலேயே தெரியும். இப்போது போடாவிட்டால் பின்னால் அவள்தான் கஷ்டப்படுவாள்.

"போடுங்க" என்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

போன் வந்தது, ஐந்து நிமிஷம். தோழி வீட்டுக்குப் போக வேண்டுமாம். போடா கண்ணு, போய்ட்டு வா.

செப்டம்பர் 1, ஞாயிறு

காலையில் போட்டோ வந்தது. சுண்டு, உயரமாக, பள்ளிச் சட்டையில், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு. கிளிப் தெரியக் கூடாதாம். மியூசியத்து மாடி ராணி மாதிரியே நிற்கிறாள். இந்த வாரம் பள்ளிச் சுற்றுலா, போன் வராது என்று கீழே எழுதியிருந்தாள்.

கட்டிலை டயர் கடைக்காரர் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். கழற்ற அவரே வந்தார், இந்தத் தடவை ஜோக் சொல்லவில்லை. ஜன்னலோரம் காலியாக இருந்தது. அதனால் கிளம்பி மியூசியத்துக்குப் போனேன்.

கீழ்க்கூடத்து வேலை முடிந்துவிட்டது. அக்காவைப் பழைய சுவருக்கே கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள், அதே ஆணியில். பெஞ்சும் அதே இடம்தான். அவர்கள் அன்றைக்கு உட்கார்ந்திருந்த பக்கமாக உட்கார்ந்தேன். நீலச் சட்டை அக்கா வேலையை விட்டுப் போய்விட்டாராம், மூலையில் புதிதாக ஒரு பெண். நெடுநேரம் என்னைக் கவனித்துக்கொண்டிருந்தவள், மூடும் மணிக்குச் சற்று முன்னால் கிட்டே வந்தாள்.

"யாராவது வரணுமாம்மா? யாருக்காவது வெயிட் பண்றீங்களா?"

"இல்லம்மா" என்றேன். "படம் பாக்க வந்தேன்."